வாடைக்குப் பூட்டிய ஆறு அறைகள்

மதுரையிலிருந்து வந்தவர், மூன்றாம் அறைக்காரர்,
பின்னேரம் என் மேசையடிக்கு வந்து
"கடலை வேணும்" என்றார்.
"அதுதானே முன்னால கிடக்கு,
காசில்லை, எடுங்கோ" என்றேன்.
சிரித்து முடிந்த பிறகுதான் விளங்கியது
அவர் கேட்டது கச்சான்.

கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான்.
வைகாசியில் மேற்கேயிருந்து தொடங்கும்.
காயப்போட்ட துவாய்களை
ஒரு மணித்தியாலத்தில் அப்பளமாக்கிவிடும்.
அவர் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார்:
'இவ்வூரில் காற்றை வறுத்துச்
சரையில் சுற்றி விற்கிறார்கள்.'

உப்புவெளியில் ஆறு அறை.
சாவிகள், பதிவேடு, நான்.
கச்சான் வீசும் மாதங்களில் கடல்
ஊதி ஆறவைத்த தேத்தண்ணிபோல் கிடக்கும்.
விடிய ஐந்தரைக்கு அமலதாசின் படகு
திமிங்கிலம் பார்க்க ஆளேற்றும்.
கண்டவர்கள் திரும்பிவந்து
அதிகம் பேசமாட்டார்கள்.
காணாதவர்கள்தான் சாப்பாட்டு மேசையில்
கைகளை அகட்டி அகட்டி
ஓங்கில்களின் நீளம் சொல்வார்கள்.

புறாத்தீவுக்குப் போன சின்னவள் ஒருத்தி
முகமூடி கழற்றாமலே வந்து நின்றாள்.
கண்ணாடிக்குள் கொஞ்சம் கடல்,
கொஞ்சம் கண்ணீர்.
"சுறா என்னைப் பார்த்தது.
பிடிக்கேல்லைப் போல. போட்டுது."

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு
ஓட்டோ றிஸ்வி.
கிண்ணியாக்காரன்.
கோட்டை வாசல் மான்களில் எது கடிக்கும்,
எந்தக் கடையில் செருப்பு பத்திரம்,
எங்கே அர்ச்சனைத் தட்டு ஐம்பது ரூபா மலிவு,
எல்லாம் அத்துப்படி.
மலையுச்சியில் சால்வையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வான்.
பிடிக்காதவர்களின் சால்வைகளை
கோணேசரே வைத்துக்கொள்வார்.

மாசியில் அவரே இறங்கி வருவார்.
சிவராத்திரி கழிந்து ஊர் சுற்றும் நாட்கள்.
அந்த வருசம் தங்கியிருந்த ஜேர்மன்காரியும் புருசனும்
எங்கள் படலையடியில் நிறைகுடம் வைக்கப் பழகினார்கள்.
மாவிலை சரி. குத்துவிளக்கு சரி.
தேங்காயை மட்டும் குடுமி கீழாக வைத்துவிட்டு
ஒரு மணித்தியாலம் கைகூப்பி நின்றார்கள்.
நான் ஓடிப்போய்த் திருப்புவதற்குள் மேளம் வந்துவிட்டது.
கோணேசர் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் போனார்.

பிறகு ஐப்பசியில் ஒருநாள்
வாசல் கொடி மறுபக்கம் திரும்பிப் பறக்கும்.
அதுதான் கடிதம்.
வாடை வந்து மணலை வாரிக்கொண்டு போகும்,
கடல் இரண்டாம் படிக்கட்டில் ஏறிக்
கதவைத் தட்டும்.
அமலதாஸ் படகைத் தென்னையோடு கட்டுவான்.
பெனடிற்றா அலுமாரிகளுக்குள் பூச்சியுருண்டை போடுவாள்.
பதிவேட்டில் கடைசிப் பெயர் மதுரைக்காரருடையது.

இனித்தான் எங்கள் விடுமுறை.

தூறலுக்குள் றிஸ்வியின் ஓட்டோவில்
நாலு பேர், இரண்டு குடை,
ஒரு சட்டி மரவள்ளிக் கிழங்கு,
கட்டைச் சம்பல்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
அப்பாவின் அந்தியேட்டிக்கு வந்தபோது
இந்தத் தண்ணீர் சுட்டதா என்று
எனக்கு நினைவில்லை.
இன்றைக்குச் சுட்டது.
மேலேயிருந்து மழை, வாளியிலிருந்து வெந்நீர்,
இரண்டும் தோளில் சந்தித்து ஆவியாகின.
பெனடிற்றா ஐந்தாம் கிணற்றை விட்டு
அசைய மறுத்தாள்.
"மனேச்சர், துவாய் எங்கே?
றூம் சேர்விஸ் சரியில்லை" என்று
கத்தினான் அமலதாஸ்.
ஆயிரம் திமிங்கிலம் பார்த்தவன்,
வாளித் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு
குழந்தைமாதிரிக் கொப்பளித்தான்.

மறுநாள் மூன்றாம் அறையில்
மெத்தையை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தேன்.
கட்டிலடியில் ஒரு பிடி கச்சான் கோது.
கூட்டி முற்றத்தில் கொட்டினேன்.
வாடை அதை அப்படியே
உள்ளே கொண்டுவந்து போட்டது.